அடுப்புச் சுடரும் எரிபொருள் சிக்கனமும்

வளைகுடா நாடுகளிலிருந்து கப்பலில் வரும் சமையல் எரிவாயு காண்ட்லா, மங்களூரு, விசாகப்பட்டினம் போன்ற துறைமுகங்களில் இறக்கப்படுகிறது. அங்கிருந்து குழாய் வழியாகவும் டாங்கர் லாரிகளிலும் நிரப்பு நிலையங்களுக்குச் சென்று, 14.2 கிலோ வாயு கொள்ளும் உருளைகளில் அடைக்கப்பட்டு, இறுதியாக இல்லத்தின் சமையலறையை வந்தடைகிறது. இந்த நெடிய பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் எடையும் அழுத்தமும் கருவிகளால் அளக்கப்பட்டுப் பதிவேட்டில் குறிக்கப்படுகின்றன. ஆனால் பயணத்தின் கடைசிக் கட்டத்தில், அதாவது அடுப்பின் பர்னருக்கும் பாத்திரத்தின் அடிப்பாகத்திற்கும் இடையேயுள்ள சில சென்டிமீட்டர் இடைவெளியில், கணக்கு எதுவும் வைக்கப்படுவதில்லை. எரிபொருளில் எவ்வளவு உணவுக்குப் பயன்பட்டது, எவ்வளவு வீணாயிற்று என்பது அங்குதான் முடிவாகிறது. அதனை முடிவு செய்வது சுடர்.

சுடரைச் சீராக வைத்திருப்பது வீட்டு வேலைகளுள் மிகச் சிறியதாகத் தோன்றலாம். எனினும், நாட்டின் சமையல் எரிவாயுத் தேவையில் ஏறத்தாழ 60 சதவீதம் இறக்குமதியால் நிறைவு செய்யப்பட்டு வந்துள்ளது என்பதையும், அதற்கு அந்நியச் செலாவணி செலவாகிறது என்பதையும், ஏழைக் குடும்பங்களுக்கு ஒவ்வோர் உருளையும் பெரும் செலவு என்பதையும் சேர்த்து நோக்கினால், இந்தச் சிறு வேலை பொருளாதார முக்கியத்துவம் உடையதாகிவிடுகிறது.

வசதியிலிருந்து தேவைக்கு

நமது நாட்டில் சமையல் எரிவாயு விற்பனை 1955-ஆம் ஆண்டில் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் முதல் 'இண்டேன்' இணைப்பு 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் கல்கத்தாவில் வழங்கப்பட்டது. அக்காலத்தில் எரிவாயு அடுப்பு நகர்ப்புற வசதி படைத்தோரின் சமையலறைப் பொருளாகவே இருந்தது. பின்னர், இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நடுத்தரக் குடும்பங்களின் காலம் வந்தது. 1973-ஆம் ஆண்டிலும் 1979-ஆம் ஆண்டிலும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தபோது, பெட்ரோலியப் பொருள்களைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டியதன் அவசியம் உணரப்பட்டது. 1978-இல் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டதும் அந்தச் சூழ்நிலையில்தான்.

2016-ஆம் ஆண்டு மே 1-ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் பிரதம மந்திரி உஜ்வலா திட்டம் தொடங்கப்பட்டது. வறிய குடும்பங்களின் பெண்கள் பெயரில் வைப்புத்தொகையின்றி இணைப்புகள் வழங்கப்பட்டன. 2014 ஏப்ரலில் ஏறத்தாழ 14.5 கோடியாக இருந்த வீட்டு இணைப்புகள் 2025-இல் ஏறத்தாழ 33 கோடியாக உயர்ந்தன. அவற்றுள் 10 கோடிக்கும் மேற்பட்டவை உஜ்வலா இணைப்புகள்.

இணைப்பு கிடைத்துவிட்டால் விறகுப் புகை முற்றிலும் நீங்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. 2023-24-ஆம் ஆண்டில் உஜ்வலா குடும்பமொன்று சராசரியாக ஏறத்தாழ நான்கு உருளைகளையே வாங்கியது. ஆண்டு முழுவதும் மூன்று வேளையும் எரிவாயுவில் சமைக்க இது போதாது. உருளை தீர்ந்த பிறகு, அடுத்ததற்குப் பணம் சேரும் வரை சுள்ளியும் வறட்டியும் மீண்டும் அடுப்பில் ஏறுகின்றன. ஆகவே, அத்தகைய இல்லத்தில் உருளை ஐந்து நாள் முன்னதாகத் தீர்வது வெறும் பண இழப்பன்று. ஐந்து நாள் புகையும் ஆகும்.

சுடர் உருவாகும் விதம்

சமையல் எரிவாயு என்பது பெரும்பாலும் புரொபேன், பியூட்டேன் ஆகிய இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்டு உருளையில் அடைக்கப்படுகிறது. உருளையினுள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குப் பல கிலோ அளவில் இருக்கும். உருளையின் தலையில் பொருத்தப்படும் ரெகுலேட்டர் இதனைச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் என்ற மிகக் குறைந்த அழுத்தத்திற்குக் கொண்டுவந்து அடுப்புக்கு அனுப்புகிறது.

அடுப்பின் குமிழைத் திருப்பியதும் வாயு 'ஜெட்' எனப்படும் ஊசித்துளை வழியாக வேகமாகப் பீறிட்டு, பர்னருக்கு அடியிலுள்ள கலவைக் குழாயினுள் நுழைகிறது. அந்த வேகத்தினால் குழாயின் வாயிலுள்ள திறப்புகள் வழியே சுற்றியுள்ள காற்றும் உள்ளே இழுக்கப்படுகிறது. இது முதற்காற்று எனப்படும். வாயுவும் முதற்காற்றும் குழாயில் கலந்து, பர்னரின் துளைகள் வழியே வெளிவந்து எரிகின்றன. எரியும்போது சுடரைச் சுற்றியுள்ள வெளியிலிருந்து மேலும் காற்று சேர்கிறது. இது இரண்டாம் காற்று.

தேவைப்படும் காற்றின் அளவு பலருக்கு வியப்பளிக்கும். ஒரு பங்கு புரொபேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்றும், ஒரு பங்கு பியூட்டேன் எரிய ஏறத்தாழ 31 பங்கு காற்றும் வேண்டும். எனவே அடுப்பைச் சீர்செய்வது என்பது பெரும்பாலும் காற்றைச் சீர்செய்வதே ஆகும். வாயுவின் அளவைக் குமிழ் கவனித்துக்கொள்கிறது. காற்று செல்லும் வழியைக் கவனிப்பவர் வீட்டில் அநேகமாக ஒருவரும் இல்லை.

சீரான சுடர் நீல நிறமாக இருக்கும். ஒவ்வொரு துளையின் மீதும் தெளிவான விளிம்புடைய இளநீலக் கூம்பு ஒன்று நிற்கும். அதனைச் சுற்றி மங்கலான வெளிப்போர்வை படர்ந்திருக்கும். இரைச்சல் இராது, துளையை விட்டு எழும்பாது, ஆடாது. மிகுந்த வெப்பம் உட்கூம்பின் நுனிக்குச் சற்று மேலே கிடைக்கிறது. பாத்திரத்தின் அடிப்பாகம் அந்த இடத்தில் அமைய வேண்டும். உட்கூம்பே பாத்திரத்தைத் தொடுமாயின், எரிதல் முடிவடைவதற்கு முன்பே சுடர் குளிர்ந்து, கரியும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. பாத்திரம் தாங்கும் கால்கள் உடைந்தோ தாழ்ந்தோ போன அடுப்புகளில் இக்குறை காணப்படுகிறது.

நிறமும் ஒலியும் தரும் செய்தி

மஞ்சள் சுடர்: காற்று போதாமையின் அடையாளம் இது. எரியாமல் எஞ்சிய கரித்துகள்கள் பழுக்கக் காய்ந்து மஞ்சளாக ஒளிர்கின்றன. பாத்திரத்தின் அடியில் கரி படிவது இதனால்தான். படிந்த கரி வெப்பம் உள்ளே செல்வதைத் தடுப்பதால் இழப்பு இருமடியாகிறது. பாத்திரம் துலக்கும் உழைப்பும் கூடுகிறது. மேலும், அரைகுறையாக எரிவதால் தோன்றும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. மூடிய அறையில் உயிருக்கே ஊறு செய்ய வல்லது. கலவைக் குழாயில் பூச்சி கூடு கட்டியிருப்பது, பொங்கி வழிந்த பால் உள்ளே சென்று உறைந்திருப்பது, காற்றுத் திறப்பு மூடியிருப்பது, ஜெட்டின் துளை பெரிதாகியிருப்பது ஆகியவை முக்கியக் காரணங்கள்.

எழும்பும் சுடர்: சுடர் துளையை விட்டு மேலே நின்று 'உஸ்' என்று இரைந்தால் முதற்காற்று மிகுந்துள்ளது, அல்லது வாயுவின் அழுத்தம் கூடியுள்ளது என்று கொள்ளலாம். இத்தகைய சுடர் சிறு காற்றிலும் அணைந்துவிடும். அணைந்த பின் வாயு வெளியேறிக்கொண்டேயிருக்கும் என்பதால் இது ஆபத்தானது. காற்றுத் திறப்பைச் சரிசெய்த பின்னும் நீடித்தால் ரெகுலேட்டரைச் சோதிக்கச் செய்ய வேண்டும்.

பின்வாங்கும் சுடர்: 'பட்' என்ற ஒலியுடன் சுடர் மறைந்து, குழாயின் உட்புறம் எரியத் தொடங்குவதும் உண்டு. வாயுக் கலவை துளையிலிருந்து வெளிவரும் வேகத்தைக் காட்டிலும் சுடர் பரவும் வேகம் மிகும்போது இது நேரிடுகிறது. பர்னரின் மூடி சரியாக அமராமை, துளைகள் தேய்ந்து விரிதல், சுடரை அளவுக்கு மீறித் தாழ்த்துதல் ஆகியவை காரணங்கள். உடனே குமிழை மூடி, பர்னர் ஆறிய பிறகு மூடியைச் சரியாகப் பொருத்தி மீண்டும் ஏற்ற வேண்டும்.

ஒழுங்கற்ற சுடர்: ஒரு புறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் எரிந்தால் துளைகளில் அடைப்பு உள்ளது. பாத்திரத்தின் ஒரு பகுதியில் உணவு தீய, மறு பகுதியில் வேகாமல் நிற்கிறது.

இவை தவிர, குறை எனத் தோன்றினும் குறையாகாத சிலவும் உண்டு. உப்புத்துகளோ தூசியோ சுடரில் பட்டால் ஆங்காங்கே செம்மஞ்சள் பொறிகள் தோன்றி மறையும். அது அடுப்பின் பழுதன்று. உருளை தீரும் தறுவாயில், எளிதில் ஆவியாகும் புரொபேன் முன்னதாகவே செலவாகி, அதிகக் காற்று வேண்டும் கனமான பகுதி எஞ்சி நிற்பதால் சுடர் சற்றுச் சிவந்தோ மஞ்சளாகவோ எரியக்கூடும். அப்போது காற்றுத் திறப்பை மாற்றியமைத்தால் புதிய உருளை வந்ததும் அது தவறாகிவிடும். லடாக், லாஹுல் போன்ற பனிப்பகுதிகளில் குளிர்காலத்தில் சுடர் தளர்ந்து எரிவதற்கும் காரணம் அடுப்பில் இல்லை. பியூட்டேன் ஏறத்தாழ 0 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலேயே ஆவியாவதை நிறுத்திவிடுகிறது. அதற்காக உருளையை நெருப்பருகே வைப்பதோ கொதிநீர் ஊற்றுவதோ கூடவே கூடாது.

காற்றைச் சீர்செய்யும் முறை

முதல் வேலை தூய்மை. அடுப்பை மூடி, ரெகுலேட்டரையும் அடைத்து, பர்னர் முற்றிலும் ஆறிய பின் அதன் மூடியை எடுத்து, வெந்நீரிலும் சோப்பிலும் சிறிது நேரம் ஊற வைக்க வேண்டும். பின்னர் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துளைகளை மெல்லிய குச்சியால் சுத்தம் செய்து, ஈரம் அறவே உலர்ந்த பிறகே பொருத்த வேண்டும். கலவைக் குழாயின் உட்புறத்தை நீண்ட மெல்லிய தூரிகையால் துடைக்கலாம். பெரும்பாலான மஞ்சள் சுடர்கள் இந்த அளவிலேயே நீலமாகிவிடுகின்றன.

தூய்மைக்குப் பின்னும் குறை நீடித்தால் காற்றுத் திறப்பைக் கவனிக்க வேண்டும். சில அடுப்புகளில் கலவைக் குழாயின் வாயில், சுழற்றக்கூடிய தகடோ வளையமோ அமைந்திருக்கும். சுடரை முழு அளவில் ஏற்றி, இந்தத் தகட்டைச் சுடரின் நுனியில் மஞ்சள் தோன்றும் வரை மெல்ல மூட வேண்டும். பிறகு, மஞ்சள் மறையும் வரை சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். மஞ்சள் மறைந்த இடமே சரியான இடம். அதற்கு மேலும் திறந்தால் சுடர் எழும்பி இரையத் தொடங்கும். அப்போது ஒரு நூலளவு மூடினால் போதும். அதன் பின் குமிழைச் 'சிம்' நிலைக்குத் திருப்பி, தாழ்ந்த சுடரும் அணையாமலும் பின்வாங்காமலும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தகடு சூடேறியிருக்கும் ஆதலால் வெறும் கையால் தொடலாகாது. சுடரின் மேல் குனியவும் கூடாது. ஒரு சமயத்தில் ஒரு பர்னரை மட்டுமே சீர்செய்வது நன்று.

பல அடுப்புகளில் காற்றுத் திறப்பு மாற்ற இயலாதவாறு தொழிற்சாலையிலேயே நிலையாக அமைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இல்லத்தார் செய்யக்கூடியது தூய்மை ஒன்றே; எஞ்சியதைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. சுடர் தளர்ந்தால் ஊக்கு, ஊசி, கம்பி முதலியவற்றை ஜெட்டினுள் நுழைத்துக் குத்தும் பழக்கம் பல இல்லங்களில் உண்டு. ஜெட் மென்மையான பித்தளையால் ஆனது. துளை எளிதில் விரிந்துவிடும். துளையின் விட்டம் 10 சதவீதம் கூடினால் அதன் பரப்பு 21 சதவீதம் கூடுகிறது; வெளிவரும் வாயுவும் ஏறத்தாழ அந்த விகிதத்தில் மிகுகிறது. அத்தனை வாயுவுக்கு ஈடாகக் காற்று சேராததால் சுடர் பெரிதாகவும் மஞ்சளாகவும் எரியும். அடுப்பு நன்றாக எரிகிறது என்று இல்லத்தார் மகிழ, உருளை விரைவில் காலியாகிறது. அடைபட்ட ஜெட்டை மாற்றுவதே முறை. அதன் விலை ஓர் உருளையின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.

சுடரின் அளவும் சமையலின் கட்டமும்

சீரான நீலச் சுடரும் அளவு தவறினால் வீணே. பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறும் சுடர் சமையலறையைச் சூடாக்குகிறதே அன்றிச் சோற்றை வேகவைப்பதில்லை. சுடர் பாத்திரத்தின் அடிப்பாகத்திற்குள் அடங்கியிருக்க வேண்டும். சிறிய பாத்திரத்திற்குச் சிறிய பர்னரும், அகன்ற பாத்திரத்திற்குப் பெரிய பர்னரும் பொருத்தமானவை.

கொதித்த பிறகு சுடரைத் தாழ்த்த வேண்டும் என்பது யாவரும் கேட்டறிந்த அறிவுரை. அதன் காரணத்தை அறிந்தால் கை தானே குமிழை நாடும். ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க 70 கிலோ கலோரி வெப்பம் போதும். அதே ஒரு லிட்டர் நீரை முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 540 கிலோ கலோரி தேவை. திறந்த பாத்திரத்தில் கொதிநீர் எவ்வளவு கொந்தளித்தாலும் அதன் வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல் உயர்வதில்லை. ஆகவே பருப்பும் அரிசியும் விரைவில் வேகப்போவதில்லை. மிகுதியான வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. ஒரு டம்ளரினும் குறைவான 130 மில்லிலிட்டர் நீர் ஆவியாகிப் போனால், ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கும் அளவு எரிபொருள் போயிற்று என்று பொருள். மூடியிட்டு, கொதி அடங்காத அளவுக்கு மட்டும் சுடரைத் தாழ்த்துவதே போதுமானது.

இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். தொடக்கம் முதலே 'சிம்' நிலையில் சமைப்பது சிக்கனமாகாது. பாத்திரம் சூடேற நெடுநேரம் பிடிப்பதால் அந்நேரம் முழுவதும் அதன் பக்கங்களிலிருந்து வெப்பம் வெளியேறிக்கொண்டேயிருக்கும். கொதிக்கும் வரை பாத்திரத்தின் அடிக்குள் அடங்கிய முழுச் சுடர், கொதித்த பின் தாழ்ந்த சுடர் என்பதே விதி. காய்கறியை நறுக்கி, பருப்பைக் கழுவி, தேவையான பொருள்களை எடுத்து வைத்த பிறகே அடுப்பை ஏற்றுவதும் இதனைச் சார்ந்த பழக்கமாகும்.

பிரஷர் குக்கரில் சமைத்தால், திறந்த பாத்திரத்தோடு ஒப்பிடும்போது, அரிசிக்கு 20 சதவீதமும் ஊறவைத்த கடலைப் பருப்புக்கு 46 சதவீதமும் எரிபொருள் மிஞ்சுவதாகப் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் தெரிவித்துள்ளது. குக்கரில் அழுத்தம் ஏறிய பின் சுடரைத் தாழ்த்தாமல் விசில் மேல் விசிலாக விடுவோர் இந்தச் சேமிப்பின் ஒரு பகுதியை நீராவியோடு வெளியேற்றிவிடுகின்றனர்.

சுடர் காற்றில் ஆடாதிருக்கச் சன்னலை அடைத்துவிடுவது தவறான சிக்கனம். நேராகக் காற்று வீசாத இடத்தில் அடுப்பை வைத்து, சன்னலைத் திறந்தே வைத்தல் வேண்டும். எரிவதற்குரிய காற்று உள்ளே வருவதும், எரிந்த வாயுக்கள் வெளியேறுவதும் அதன் வழியாகத்தான்.

ஒரு கணக்கு

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிப்படி வீட்டு எரிவாயு அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 சதவீதமாக இருக்க வேண்டும். அதாவது நல்ல அடுப்பிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பம் பாத்திரத்தை அடைவதில்லை. காற்றுக் குறைவாலும் அழுக்காலும் இத்திறன் 58 சதவீதமாகக் குறைந்துவிட்டதாகக் கொள்வோமாயின், முன்பு 40 நாள் வந்த உருளை 34 நாளிலேயே தீரும். ஓர் உருளையில் ஏறத்தாழ 2 கிலோ வாயு பயனின்றிப் போகும்.

2025 ஏப்ரல் 8-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விலைப்படி தில்லியில் 14.2 கிலோ உருளையின் விலை 853 ரூபாயாக இருந்தது. உஜ்வலா பயனாளிகளுக்கு மானியம் போக அது 553 ரூபாயாக இருந்தது. அந்த விலையில் மேற்கண்ட இழப்பு முதல் வகையினருக்கு உருளை ஒன்றுக்கு ஏறத்தாழ 125 ரூபாயாகவும், உஜ்வலா குடும்பத்திற்கு ஏறத்தாழ 80 ரூபாயாகவும் அமையும். ரூபாய்க் கணக்கில் ஏழைக் குடும்பத்தின் இழப்பு குறைவாகத் தோன்றினும் நாள் கணக்கில் அது கடுமையானது. ஆண்டுக்கு நான்கு உருளைகளை மட்டும் வாங்கும் குடும்பத்தில் ஓர் உருளை மூன்று மாதம் வருகிறது. நான்கிலும் இதே விகிதத்தில் வாயு வீணாகுமானால், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 நாள் சமையலுக்குரிய எரிவாயு இழக்கப்படுகிறது. அந்த 50 நாளும் விறகடுப்பின் முன் அமரப்போகிறவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாடு தழுவிய அளவிலும் இக்கணக்கைப் பார்க்கலாம். 2023-24-ஆம் ஆண்டில் நாட்டின் சமையல் எரிவாயு நுகர்வு 3 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. இதில் பத்தில் ஒன்பது பங்குக்கு நெருக்கமான அளவு வீடுகளில் செலவானது. வீட்டு நுகர்வை 2.6 கோடி டன் எனக் கொண்டு, அதில் 5 சதவீதம் மட்டும் மிச்சப்படுத்தப்படுமாயின், ஆண்டுக்கு 13 லட்சம் டன் மீதமாகும். இது 9 கோடிக்கும் மேற்பட்ட உருளைகளுக்குச் சமம். விசாகப்பட்டினத்தில் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டுள்ள நிலத்தடி எரிவாயுச் சேமிப்புக் கிடங்கின் கொள்ளளவு 60,000 டன். அத்தகைய கிடங்கை இருபது தடவைக்கு மேல் நிரப்பக்கூடிய எரிபொருளைச் சமையலறைகளே சேமித்துத் தர இயலும்.

பொறுப்பு யாருடையது?

சிக்கனம் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் இல்லத்தரசியை நோக்கியே கூறப்படுகின்றன. சுடரைத் தாழ்த்துவதும் பர்னரைக் கழுவுவதும் வீட்டில் செய்யக்கூடியவைதாம். அதுவும் வீட்டில் உள்ள அனைவரும் பகிர்ந்து செய்யக்கூடியவை. ஆனால் ஜெட்டை மாற்றுவதும், ரெகுலேட்டரின் அழுத்தத்தைச் சோதிப்பதும், கலவைக் குழாயைச் சீராக்குவதும் பயிற்சியும் கருவியும் வேண்டும் பணிகள். நகரத்தில் விநியோகஸ்தரின் மெக்கானிக் தொலைபேசி அழைப்புக்கு வருகிறார். சிற்றூரில் உருளை கொண்டுவரும் ஊழியர் ஒருவரே எரிவாயு நிறுவனத்தின் முகம். அவருக்குச் சுடரைப் பார்த்துக் குறையறியும் பயிற்சி அளித்து, உருளையைப் பொருத்தும்போதே அடுப்பை ஒரு முறை ஏற்றிப் பார்க்கும் வழக்கத்தை உண்டாக்கினால், செலவு மிகக் குறைவாகவும் பயன் மிக அதிகமாகவும் இருக்கும். பாதுகாப்புச் சோதனையின்போது கசிவைப் பார்ப்பதோடு சுடரின் நிறத்தையும் பார்ப்பது கூடுதல் சுமை ஆகாது.

அடுப்பு வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையை நோக்கி வாங்குதல் வேண்டும். முத்திரையற்ற மலிவு அடுப்பில் மிஞ்சும் சில நூறு ரூபாய், சில உருளைகளிலேயே கைவிட்டுப் போய்விடும். பர்னர், ஜெட் முதலிய உதிரிப் பாகங்களுக்கும் இது பொருந்தும்.

நகரங்களில் குழாய்வழி இயற்கை வாயு பரவிவரும் நிலையில் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இயற்கை வாயு பெரும்பாலும் மீத்தேன். ஒரு கன மீட்டர் உருளை வாயுவில் அடங்கியுள்ள வெப்பம், அதே அளவு இயற்கை வாயுவைக் காட்டிலும் இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை அதிகம். ஆகையால் இரண்டுக்கும் ஒரே ஜெட் பொருந்தாது. உருளைக்குரிய அடுப்பை ஜெட் மாற்றாமல் குழாய் வாயுவில் பயன்படுத்தினால் சுடர் சிறுத்துவிடும். குழாய் வாயுவுக்கு மாற்றிய அடுப்பை மீண்டும் உருளையில் இணைத்தால் சுடர் அளவு மீறி எரிந்து ஆபத்து விளைவிக்கும். இந்த மாற்றத்தைத் துளைக்கருவியால் அரைகுறையாகச் செய்துவிடாமல், உரிய பாகங்களைக் கொண்டு முறையாகச் செய்வது நகர எரிவாயு நிறுவனங்களின் கடமையாகும்.

சிக்கனத்தைத் தேடும்போது பாதுகாப்பு பின்தள்ளப்படலாகாது. சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். கசிவை அறிவதற்காகவே மெர்காப்டன் என்னும் நெடி மிகுந்த பொருள் அதில் கலக்கப்படுகிறது. நெடி வந்தால் மின்விசையைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, 1906 என்ற அவசர எண்ணுக்கு வெளியிலிருந்து தெரிவிக்க வேண்டும். கசிவைச் சோப்பு நீரால் சோதிக்கலாம். தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்கலாகாது. ரப்பர் குழாயை அதில் குறிக்கப்பட்டுள்ள காலக்கெடுவுக்குள் மாற்றிவிட வேண்டும்.

இணைப்பு வழங்குவது திட்டத்தின் முதற்படி. உருளையைத் தொடர்ந்து வாங்கும் ஆற்றலை அளிப்பது இரண்டாம் படி. வாங்கிய வாயு முழுப் பயன் தருமாறு எரியச் செய்வது மூன்றாம் படி. முதல் இரண்டுக்கும் அரசின் நிதி வேண்டும். மூன்றாவதற்கு வேண்டுவது மாதம் ஒரு முறை பர்னரைக் கழுவும் சிறு உழைப்பும், சுடரை நோக்கும் ஒரு பார்வையும், அழைத்தால் வரும் ஒரு மெக்கானிக்கும். காலையில் அடுப்பை ஏற்றியதும் சுடர் நீலமாக நிற்கிறதா, பாத்திரத்துக்குள் அடங்கியிருக்கிறதா என்று ஒரு கணம் பார்ப்பது பழக்கமாகிவிடுமாயின், உருளை சில நாள் கூடுதலாக வரும். அந்தச் சில நாளில் விறகுப் புகை எழாத அடுப்படிகள் நாடெங்கும் பெருகும்.